டிரெய்லர் லைட் எரியவில்லையா? அடியில் குனிந்து பழுதைப் பிடிக்கும் முறை

டிராக்டர் டிரெய்லரில் பின்லைட் எரியவில்லை என்றால் முதலில் பல்பைக் கழற்றிப் பார்க்கிறோம். பல்பு நன்றாக இருந்தால் அதோடு விட்டுவிடுகிறோம். ஆனால் பழுது பெரும்பாலும் பல்பில் இருப்பதில்லை. டிராபாரில் (டிராக்டரோடு இணைக்கும் முன் தண்டு) தொடங்கி பின்பலகை வரை, தளத்துக்கு அடியில், சேறும் கல்லும் வந்து அடிக்கிற இடத்தில் ஓடும் ஒயரில்தான் இருக்கிறது. அங்கே யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பார்க்கத்தான் வேண்டும். மாங்காய் சீசனில் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கத்திலிருந்து பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிக்கொண்டு கூழ் ஃபேக்டரிக்குப் போகும் டிரெய்லர்களும், பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொண்டுபோகும் டிரெய்லர்களும் இருட்டிய பிறகுதான் அதிகம் ஓடுகின்றன. என்.எச். 44-இல் நீங்கள் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், பின்னால் ஒரு கார் 100-இல் வருகிறது என்று வையுங்கள். டிம் லைட்டில் அந்த டிரைவருக்கு ஐம்பது, அறுபது மீட்டர்தான் தெரியும். உங்கள் பின்லைட் எரியாவிட்டால், உங்களைப் பார்த்ததற்கும் மோதுவதற்கும் நடுவில் அவருக்கு மூன்று நொடிகூட இருக்காது. சொற்ப விலைச் சாமானும் கொஞ்ச நேர வேலையும் ஒரு உயிரைக் காப்பாற்றும் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் (கரண்டு வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பல்பு), முடிந்தால் ஒரு மல்டிமீட்டர், டிராக்டர் பேட்டரியிலிருந்து பின்லைட் வரை எட்டும் நீளத்துக்கு இருபுறமும் கிளிப் வைத்த ஒயர், எமரி ஷீட், டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து பிரேக் அழுத்த ஓர் ஆள். டெஸ்ட் லேம்ப்பை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒயருக்குள் எல்லா இழையும் அறுந்து ஒரே இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். அந்த ஒற்றை இழையால் பல்பை எரிய வைக்க முடியாது. 21 வாட் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்த்தால் உண்மை உடனே தெரிந்துவிடும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் டிராக்டர் பக்கத்தை முதலில் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிராக்டர் சாக்கெட்டில் டெஸ்ட் லேம்ப் வையுங்கள். பின்களுக்குப் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். 12 வோல்ட் ஏழு பின் சாக்கெட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 1724 முறைப்படி 1 இடது இண்டிகேட்டர், 4 வலது இண்டிகேட்டர், 3 எர்த் (கரண்டு திரும்பி வரும் வழி), 6 பிரேக், 7 இடது பார்க்கிங், 5 வலது பார்க்கிங். 2 பனி விளக்குக்கானது, நமக்குத் தேவைப்படாது. சாக்கெட்டிலேயே கரண்டு வரவில்லை என்றால் டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பயனில்லை. ஒயரின் நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். பட்டறையில் கையில் இருந்த நிறத்தை இழுத்திருப்பார்கள். எர்த்துக்குச் சிவப்பு போட்ட டிரெய்லர்கள் எத்தனையோ ஓடுகின்றன.

“பிரேக் போட்டா இண்டிகேட்டர் லேசா எரியுதுங்க”

இதைக் கேட்டவுடன் எர்த் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடலாம். இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து சிமிட்டுவது, பார்க்கிங் போட்டு பிரேக் மிதித்தால் எல்லாமே அணைவது எல்லாம் இதே நோய்தான். பல்புக்குள் போன கரண்டு திரும்பி வர எர்த் வழியைத் தேடுகிறது. அந்த வழி அடைபட்டிருந்தால் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஃபிலமென்ட் வழியாகப் புகுந்து, அந்த லைட்டுக்கான ஒயரிலேயே பின்னோக்கி டிராக்டருக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டு ஃபிலமென்ட் வரிசையாக மாட்டிக்கொண்ட கணக்கு. அதனால்தான் சம்பந்தமில்லாத லைட் மங்கலாக எரிகிறது.

உறுதி செய்ய, கிளிப் ஒயரின் ஒரு முனையை டிராக்டர் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையைப் பின்லைட் ஹோல்டரின் எர்த்தில் தொடுங்கள். எல்லாம் பளிச்சென்று சரியாக எரிந்தால் வேறு எதையும் நோண்ட வேண்டாம், எர்த்தை மட்டும் சரிசெய்தால் போதும். இரண்டு பக்கமும் கோளாறு என்றால் பிளக்கின் 3-ஆம் பின்னிலோ மெயின் எர்த் போல்ட்டிலோ பழுது. ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்த லைட்டின் சொந்த எர்த்.

நிறைய டிரெய்லர்களில் எர்த்துக்கு ஒயரே இருக்காது. டிராபார் கொக்கியும் பின்னும் தொடுவதையே எர்த்தாக நம்பி விட்டிருப்பார்கள். புது டிரெய்லரில் அப்படியும் லைட் எரியும். கொக்கியில் கிரீஸ் போட்டு, மேலே மண் ஏறி, துரு பிடித்த பிறகு இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு படலம் உட்கார்ந்துவிடும். கொக்கி இழுப்பதற்கு, கரண்டு கடத்துவதற்கு இல்லை. பிளக்கின் 3-ஆம் பின்னிலிருந்து இரண்டு பின்லைட் ஹோல்டர் வரைக்கும் தனியாக ஓர் எர்த் ஒயர், 2.5 ஸ்கொயர் எம்எம், இழுத்துவிடுங்கள். சேசிஸ்ஸிலும் (டிரெய்லரின் இரும்புச் சட்டம்) ஓர் இடத்தில் அதைக் கட்டுங்கள்.

எர்த் போல்ட் போடும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பழுது இங்கேதான். பெயின்ட்டின் மேலேயே ரிங் டெர்மினலை வைத்து முறுக்கினால் போல்ட்டின் மரை மட்டும்தான் இரும்பைத் தொடும். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத்துக்குப் பெயின்ட்டையும் துருவையும் எமரியால் தேய்த்து, இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை எடுங்கள். ரிங்குக்கு அடியில் பல் வைத்த ஸ்டார் வாஷர், மேலே ஸ்பிரிங் வாஷர், பிறகு நட்டு. முறுக்கி முடித்த பின், காய்ந்த இரும்பு தெரியாதபடி மேலே பெயின்ட் அடித்துவிடுங்கள், அல்லது வாசலினோ கிரீஸோ அப்பிவிடுங்கள். வரிசை முக்கியம்: முதலில் இரும்போடு இரும்பாக இறுக்கம், பிறகுதான் பூச்சு.

“நின்னா எரியுது, ஓடினா அணையுது”

இது அசைவில் பிரியும் ஜாயின்ட்டின் வேலை. டிராக்டரை நிறுத்தி, எல்லா லைட்டையும் போட்டுவிட்டு, ஒருவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் பிளக்கிலிருந்து ஆரம்பித்து ஒயரை ஒரு சாண் ஒரு சாணாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே போங்கள். பின்னால் இருப்பவர் “அணைஞ்சிடுச்சு” என்று குரல் கொடுக்கும் இடத்தில் கையை எடுக்காதீர்கள். பழுது அங்கேதான்.

வழக்கமாக மாட்டும் இடங்கள் இவை. பிளக்கின் வாயில், ஒயர் உள்ளே நுழையும் இடத்தில், திரும்பத் திரும்ப மடங்கி இழைகள் அறுந்திருக்கும். மேல் உறை முழுசாகவே இருக்கும், உள்ளே செம்பு துண்டு துண்டாகக் கிடக்கும். அடுத்தது டிராபாரும் சேசிஸ்ஸும் சேரும் இடம். அப்புறம் அச்சுக்கு மேலே. அச்சோடு அல்லது ஸ்பிரிங் பட்டையோடு சேர்த்துக் கட்டிய ஒயர் கட்டாயம் அறும், ஏனென்றால் பாரம் ஏறி இறங்கும் போதெல்லாம் அச்சு அசைகிறது, சேசிஸ் தனியாக அசைகிறது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்து மேடு பள்ளச் சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு இது சீக்கிரமே வரும். ஒயர் முழுவதும் சேசிஸ்ஸிலேயே ஓட வேண்டும், அச்சைத் தொடவே கூடாது.

வீட்டு ஒயரிங்குக்கு வாங்கிய கம்பி மிச்சம் இருந்தால் அதை டிரெய்லருக்குப் போடுவது இங்கே சர்வ சாதாரணம். சுவருக்குள் அசையாமல் கிடக்கச் செய்த கம்பி அது. தடித்த இழை, அதிர்வு தாங்காது. நுண்ணிழைகள் நிறைய உள்ள ஆட்டோ ஒயரைக் கேட்டு வாங்குங்கள். அலுமினிய ஒயர் எந்த விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஜாயின்ட்டைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. பிரித்துப் பாருங்கள். டேப்பின் பசை வெயிலில் உருகி வழுக்கியிருக்கும், உள்ளே ஈர மண், அதற்குள் பச்சைப் பொடி. அந்தப் பச்சையைச் சுரண்டிவிட்டு மறுபடி முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழை வரைதான் தாங்கும். உறையை ஒரு விரற்கடை பின்னால் சீவுங்கள். செம்பு கறுப்பாக இருந்தால் இன்னும் சீவுங்கள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி இழைகளின் இடுக்கு வழியே தண்ணீர் உறைக்குள் ஏறிப் போயிருக்கும், சில சமயம் ஒரு அடி, ஒன்றரை அடி கூட. செம்பு செந்நிறத்தில் பளபளக்கும் இடம் வரை வெட்டி எறியுங்கள். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது, கிரிம்ப் (ஒயரை அழுத்திப் பிடிக்கும் உலோகக் குழல்) போட்டாலும் நிற்காது. வெட்டியதில் நீளம் குறைந்தால் புது ஒயர் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ப்பதற்குப் பதில் முழு ஒயரையும் மாற்றிவிடுவதே மேல் என்பது என் கருத்து. தளத்துக்கு அடியில் ஜாயின்ட்டே இருக்கக் கூடாது.

தவிர்க்கவே முடியாமல் ஜாயின்ட் போட வேண்டியிருந்தால், சரியான அளவு கிரிம்ப் போட்டு, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை மாட்டிச் சூடு காட்டுங்கள். சுருங்கும்போது இரு முனையிலும் பசை சின்ன வளையமாகப் பிதுங்கி வெளியே தெரிய வேண்டும். தெரிந்தால்தான் தண்ணீர் புகாது. சாதா ஸ்லீவில் இந்தப் பசை இருக்காது, கடையில் கேட்டு வாங்க வேண்டும்.

“ஃபியூஸ் போயிட்டே இருக்குங்க”

முதலில் ஒரு வேண்டுகோள். ஃபியூஸுக்குப் பதில் கம்பியோ சிகரெட் பேப்பரோ வைக்காதீர்கள். ஃபியூஸ் இருப்பது பல்புக்காக இல்லை, ஒயருக்காக. 10 ஆம்பியர் ஃபியூஸ் போக வேண்டிய இடத்தில் கம்பி வைத்தால் பேட்டரியில் இருக்கும் மொத்த கரண்டும் அந்த மெல்லிய ஒயரில் பாயும். மேலே வைக்கோல் ஏற்றியிருக்கிறீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எப்போது போகிறது என்பதைக் கவனித்தால் எங்கே போகிறது என்பது தெரியும். பிரேக் மிதித்த உடனே போனால் பிரேக் ஒயர் எங்கோ சேசிஸ்ஸைத் தொடுகிறது. வளைவில் திரும்பும்போது போனால் டிராபார் பக்கத்து ஒயர், நீளம் போதாமல் இழுபடுகிறது அல்லது தொங்கிப்போய்க் கொக்கியில் நசுங்குகிறது. பாரம் ஏற்றினால் மட்டும் போனால் பட்டை அமுங்கி அச்சுக்கும் சேசிஸ்ஸுக்கும் நடுவில் ஒயர் மாட்டுகிறது. காலி வண்டியில் எத்தனை நாள் தேடினாலும் இது கிடைக்காது; பாரத்தோடு குனிந்துதான் பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் டிப்பரில் பெட்டியை இறக்கிய பிறகு போனால், பெட்டிக்கும் சேசிஸ்ஸுக்கும் இடையே ஒயர் அகப்பட்டிருக்கிறது. டிப்பரில் பின்லைட்டைப் பெட்டியில் மாட்டாமல் சேசிஸ்ஸின் பின் முனையிலேயே மாட்டிவிட்டால் இந்தத் தொல்லை வரவே வராது. அப்படிச் செய்யும்போது லைட் தாழ்ந்து பாரத்துக்குள் மறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸை மாற்றி மாற்றித் தேடுவதற்குப் பதில் ஒரு நல்ல வழி இருக்கிறது. ஃபியூஸைக் கழற்றிவிட்டு, அதன் இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு 12 வோல்ட் 21 வாட் பல்பை இணையுங்கள். டிரெய்லரின் பல்புகளைக் கழற்றி வைத்துவிடுங்கள். டிராக்டரில் அதே ஃபியூஸில் எரியும் பல்புகளையும்தான். இப்போது சுவிட்சைப் போட்டால், ஷார்ட் இருக்கும் வரை இந்தப் பல்பு முழுசாக எரியும். இரண்டு ஆம்பியருக்கு மேல் பாயாது, ஒயர் கருகாது, சாவகாசமாகத் தேடலாம். பிளக்கைப் பிடுங்குங்கள். அப்போதும் எரிந்தால் ஷார்ட் டிராக்டரில்; அணைந்தால் டிரெய்லரில். பிளக்கை மாட்டிவிட்டு அடியில் ஒயரைத் தூக்கித் தூக்கிப் பாருங்கள். பல்பு அணைகிற இடத்தில் ஒயரைத் திருப்பினால் உறை தேய்ந்து செம்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அது சேசிஸ்ஸின் இரும்புச் சேனலில் போட்ட ஓட்டையின் விளிம்பாக இருக்கும். டிரில் போட்ட ஓட்டையின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். ரப்பர் புஷ் வைக்காமல் அதில் ஒயரை நுழைத்தால் ஒவ்வொரு குலுங்கலிலும் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும்.

“எல்லாம் எரியுது, ஆனா மங்கல்”

ஒயரைத் தொடும் முன் பல்பின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். நமது பகுதி லாரி ஓடும் நெடுஞ்சாலையை ஒட்டியது. ஸ்பேர் கடைகளில் லாரிக்கான 24 வோல்ட் பல்புதான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அதே வடிவம், அதே ஹோல்டர். 12 வோல்ட்டில் அது மினுக் மினுக் என்று மஞ்சளாகத்தான் எரியும். இன்னொன்று, பிரேக்கும் பார்க்கிங்கும் ஒன்றாக இருக்கும் 21/5 வாட் பல்பின் பக்கவாட்டுக் குமிழ்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. துருப்பிடித்து இளகிய ஹோல்டரில் தலைகீழாகத் திணித்துவிட்டால் பார்க்கிங் பளிச்சென்றும், பிரேக் மங்கலாகவும் எரியும்.

பல்பு சரியென்றால் வோல்ட்டேஜ் வழியில் கரைகிறது. இங்கே மல்டிமீட்டர்தான் உதவும். ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு, ஒரு முனையை டிராக்டர் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைப் பின்லைட்டின் எர்த்திலும் வையுங்கள் (கிளிப் ஒயரை நீட்டிக்கொள்ளலாம்). 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் செய்யுங்கள்.

எர்த்தும் சரியென்றால் ஒயரின் தடிமன். கணக்கைப் பார்ப்போம். இரண்டு பிரேக் பல்பு, ஒவ்வொன்றும் 21 வாட், சேர்த்து மூன்றரை ஆம்பியர். டிராக்டர் சாக்கெட்டிலிருந்து பின்லைட் வரை வளைவு நெளிவோடு 6 மீட்டர் என்று வைத்தால், 0.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் போகும் வழியில் சுமார் முக்கால் வோல்ட் இழக்கும். எர்த்தும் அதே மெல்லிய ஒயரென்றால் திரும்பும் வழியில் இன்னொரு முக்கால். ஒன்றரை வோல்ட் குறைந்தால் பல்பின் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு காலி. வோல்ட்டேஜ் குறையும் விகிதத்தைவிட ஃபிலமென்ட் பல்பின் வெளிச்சம் அதிக விகிதத்தில் குறைந்துவிடும். லைட்டுகளுக்கு 1.5, எர்த்துக்கு 2.5 போட்டால் மொத்த இழப்பு அரை வோல்ட்டைத் தாண்டாது. விலை வித்தியாசம் ஒரு டிரெய்லருக்குப் பெரிதாக வராது, அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாகச் சிமிட்டினால் ஒரு பல்பு போய்விட்டது அல்லது எல்.இ.டி. மாட்டியதால் ஃபிளாஷருக்கு (இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் சாதனம்) போதிய லோடு இல்லை. முதலாவதுக்குப் பல்பு, இரண்டாவதுக்கு எல்.இ.டி. ஃபிளாஷர். அவ்வளவுதான்.

“மழை பெஞ்சாலும் கழுவினாலும் ரெண்டு நாளைக்கு எரியாதுங்க”

பிளக்கையும் சாக்கெட்டையும் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். பின்களின் அடியில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்திருக்கும். காய்ந்திருக்கும்போது அது சும்மா கிடக்கும். ஈரம் பட்டதும் ஒரு பின்னிலிருந்து இன்னொரு பின்னுக்குக் கரண்டைக் கசிய விடும், பின்னையும் தின்னும்.

இந்தப் பூப்பு இங்கே சீக்கிரம் வருவதற்குக் காரணங்கள் உண்டு. ஒன்று நம் போர் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடுகிற அதே உப்புத் தண்ணீரைத்தான் பிரஷர் பம்பில் வைத்து டிரெய்லருக்கு அடியில் பீய்ச்சுகிறோம். தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு தங்கிவிடும். இன்னொன்று நாம் ஏற்றும் சரக்கு. பொட்டாஷ் மூட்டை கிழிந்து பலகை இடுக்கில் சிந்தினால் அது குளோரைடு. ஈரத்தோடு சேர்ந்து இரும்பையும் செம்பையும் அரிக்கும். யூரியா காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கோழி எருவும் சாணி எருவும் அமோனியா விடும். பித்தளைக்கு அமோனியா ஆகவே ஆகாது, பின்னும் பல்பு ஹோல்டரும் பித்தளைதான். பர்கூர் பக்கத்தில் கிரானைட் கழிவு ஏற்றும் டிரெய்லரில் வேறு மாதிரி, கல்மாவு ஈரத்தோடு இடுக்கில் அப்பிக் காய்ந்து, காயாத ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். எருவோ உரமோ ஏற்றி இறக்கிய அன்றே மேலே பெருக்கிவிட்டு, அடியைத் தண்ணீரால் மெதுவாக அலம்பி விடுங்கள். பிரஷர் பம்பின் முனையைப் பிளக், லைட், ஒயர் முனை இவற்றுக்கு நேராக மட்டும் பிடிக்க வேண்டாம்.

பூத்த பின்களைக் கான்டாக்ட் கிளீனர் அடித்து, சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, எமரியால் இரண்டு இழுப்பு. காய்ந்த பிறகு வாசலின் மெல்லியதாகத் தடவுங்கள். பின்னின் உடல் மெலிந்து சாக்கெட்டில் தொளதொள என்று ஆடினால் புதிது வாங்கிவிடுங்கள். பிளக்கின் பின்புறத்தைச் சிலிக்கான் வைத்து அடைக்கலாம், ஆனால் புளிச்ச காடி வாசம் வருகிற சிலிக்கான் வேண்டாம். அந்த வாசம் அசிட்டிக் அமிலம். ஆறும்போது வெளிவந்து உள்ளே இருக்கும் செம்பையே அரிக்கும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம், டிரெய்லரைக் களத்துமேட்டில் கழற்றிவிட்டு டிராக்டரை ஏருக்கு ஓட்டிப் போகிறோம். பிளக் எங்கே கிடக்கிறது? பெரும்பாலும் மண்ணில், வாயை மேலே பார்த்துக்கொண்டு. பிளக் கெடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். டிராபாரில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு சின்னப் பட்டை வெல்டு வைத்து, அதில் ஒயர் இணைக்காத பழைய சாக்கெட் ஒன்றை வாய் கீழ்நோக்கி மாட்டிவிடுங்கள். கழற்றிய பிளக்கை அதில் செருகிவிட்டால் மண்ணும் சேராது, மழையும் படாது, மாடும் மிதிக்காது.

“வெல்டிங் போட்டதிலிருந்து எதுவுமே இல்லை”

பின்பலகை கீலுக்கோ சேசிஸ் விரிசலுக்கோ வெல்டு வைக்கும்போது எர்த் கிளாம்ப்பை டிரெய்லரின் வேறு மூலையில், அல்லது இன்னும் மோசமாக, டிராக்டரில் மாட்டியிருப்பார்கள். வெல்டிங்கின் நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியரில் ஒரு பங்கு உங்கள் 2.5 எர்த் ஒயர் வழியாகப் போனாலே அது உருகிவிடும். வெல்டிங்குக்கு முன் பிளக்கைப் பிடுங்கி, டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்ப் வெல்டு வைக்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்திலேயே இருக்கட்டும். பொறி விழும் பக்கம் ஒயர் இருந்தால் ஈரச் சாக்கு போட்டு மூடச் சொல்லுங்கள். முடிந்த பிறகு குனிந்து, ஒயர் ஓடும் பைப்பில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எலி கடித்த ஒயரும் இதே மாதிரி திடீரென்று மொத்தமாகப் போகும். சீசன் முடிந்து நிறுத்தி வைத்த வண்டியில் வைக்கோலும் தவிடும் மிச்சமிருந்தால் எலி வரும், வந்தால் கடிக்கும். சுத்தமாகப் பெருக்கி நிறுத்துவதுதான் மருந்து.

ஒயரைப் புதிதாக இழுப்பதென்றால்

பழுது அங்கங்கே தலைகாட்ட ஆரம்பித்துவிட்டால் ஒட்டுப்போட்டு ஓட்டாமல் ஒருமுறை முழுசாக மாற்றிவிடுங்கள். டிராக்டர் முனையிலிருந்து பின்லைட் வரை ஒவ்வொரு ஒயரும் ஒரே துண்டாக இருக்கட்டும். இடது, வலது பிரிவது தளத்துக்கு நடுவில் இல்லை, பின் குறுக்குச் சட்டத்தில், மூடி வைத்த ஒரு சின்னப் பெட்டிக்குள்.

பாதை முக்கியம். சேசிஸ் சேனலின் உள்பக்கம், மேல் மடிப்பை ஒட்டி, முடிந்த அளவு உயரத்தில் ஓட வேண்டும். சேனலே கல்லடியைத் தாங்கிக்கொள்ளும். கீழ் மடிப்பில் படுக்க வைத்தால் அங்கே சேறு சேரும், ஒயர் சேற்றிலேயே ஊறும். ஹைட்ராலிக் ஹோஸோடு சேர்த்துக் கட்டுவதைப் பலர் சௌகரியம் என்று செய்கிறார்கள். எண்ணெய் கசிந்து பட்டால் பி.வி.சி. உறை நாளடைவில் கெட்டுப்போகும். சக்கரத்துக்கு நேர் மேலே ஒயர் போக வேண்டாம்.

ஒயரை நெளி பைப்புக்குள் விடுங்கள். பிளவு உள்ள பைப் என்றால் பிளவு கீழே பார்க்கட்டும். பைப் தொங்கித் தாழும் இடத்தில் சின்ன ஓட்டை ஒன்று போட்டுவிடுங்கள். தண்ணீர் எப்படியும் உள்ளே வரும், வெளியேற வழி இருந்தால் போதும். டிராபார் போன்ற அடிபடும் இடத்தில் ஜி.ஐ. பைப்பை வெல்டு வைத்து அதற்குள் ஒயரை விடலாம், ஆனால் வெல்டு முழுக்க முடிந்து ஆறிய பிறகே ஒயர் உள்ளே போக வேண்டும், பைப்பின் இரு வாயிலும் ரப்பர் புஷ் வேண்டும். கிளாம்ப் ஒன்றரை அடிக்கு ஒன்று, ரப்பர் வைத்தது. பிளாஸ்டிக் டை மட்டும் போட்டால் நம் வெயிலில் மொறுமொறுவென்று ஆகி உடையும். கறுப்பு டை வெள்ளையைவிடக் கொஞ்சம் தாங்கும். பிளக்குக்கு முன்னால் டிராக்டர் முழுசாகத் திரும்பும் அளவுக்கு நீளம் விட்டு, தரையில் உரசாதபடி ஒரு ஸ்பிரிங்கில் தூக்கி மாட்டுங்கள். சுருள் ஒயர் கிடைத்தால் இன்னும் நல்லது.

எல்லாம் முடிந்ததும் வண்டியைப் பாரத்தோடு ஒருமுறை ஓட்டி, இரண்டு பக்கமும் முழு வளைவு திருப்பி, டிப்பர் என்றால் பெட்டியைத் தூக்கி இறக்கி, அதற்குப் பிறகு எல்லா லைட்டையும் சரிபாருங்கள். காலி வண்டியில் நின்ற இடத்தில் எரிவது கணக்கில்லை. மாங்காய் சீசனுக்கு முன் ஒருமுறை, மழை ஓய்ந்து கரும்பு வெட்டு தொடங்குமுன் ஒருமுறை அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் போதுமானது.

டூல் பாக்ஸில் இரண்டு 21/5 பல்பு, இரண்டு 21 பல்பு, நாலைந்து ஃபியூஸ், கிளிப் ஒயர் இவை எப்போதும் இருக்கட்டும். வழியில் எர்த் போனால் அந்தக் கிளிப் ஒயரை டிராக்டர் பாடியிலிருந்து பின்லைட் எர்த் வரை இழுத்துக் கட்டி வீடு வந்து சேரலாம். ஒயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பின்பலகையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் அகலமாக ஒட்டி, ரோட்டில் ஏறுமுன் அதன் மேல் இருக்கும் சேற்றை ஒரு துணியால் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.